காய்ச்சல் விட்டதுக்கப்புறம்

ஐப்பசி பொறந்து ரெண்டு மழை பேஞ்சா போதும், என் போனுக்கு டெங்கு சீசன் ஆரம்பிச்சிடும். சொந்தக்காரங்க, அவங்களோட சொந்தக்காரங்க, காலேஜ்ல கூடப் படிச்சவனோட மாமியார் வீட்டுக்காரங்க வரைக்கும் கூப்பிடுவாங்க, எல்லாருக்கும் ஒரே செய்திதான்: "தம்பி, பிளேட்லெட் காலைல எண்பதாயிரம் இருந்துச்சு, இப்ப அறுபதுங்கறாங்க, பயமா இருக்குப்பா." நான் பதிலுக்கு "காய்ச்சல் எப்ப விட்டுச்சு, யூரின் ஒழுங்கா போகுதா, வயிறு வலிக்குதுங்கறானா, பிசிவி, அதான் ரத்தத்துல சிவப்பணு எத்தனை பர்சென்ட்டுங்கற நம்பர், எவ்ளோன்னு ரிப்போர்ட்ல பாருங்க"ன்னு கேட்டா அந்தப் பக்கம் லேசா ஒரு எரிச்சல் வரும். அவங்க ஒரு நம்பரை சொல்லிட்டு நிக்கிறாங்க, நான் என்னவோ மூத்திரத்தைப் பத்தி விசாரிச்சிட்டு இருக்கேன். "அதெல்லாம் போறாம்பா, கவுண்ட் ஏற என்ன குடுக்கணும், அத மட்டும் சொல்லு." பப்பாளி இலைச் சாறு, நிலவேம்பு, கிவி பழம்னு ஒரு லிஸ்ட் ஏற்கனவே கையில ரெடியா இருக்கும், நான் அதுக்கு ஒரு டிக் அடிச்சா போதும்.

இவங்க மேல எனக்குக் கோவமே இல்ல. டிவில தினம் அந்த நம்பரைத்தான் சொல்றாங்க, லேப்காரன் அந்த நம்பரைத்தான் சிவப்புல போட்டுத் தர்றான், அவங்களுக்கு வேற என்ன தெரியும். என்னை ரொம்ப நாளா உறுத்திக்கிட்டு இருக்கறது எங்க பசங்க, எம்பிபிஎஸ் படிக்கிற பசங்க. செகண்ட் இயர்ல மைக்ரோபயாலஜி முடிச்சு, ஃபைனல் இயர்ல மெடிசினும் முடிச்சு, சிஆர்ஆர்ஐயா, அதாவது ஹவுஸ் சர்ஜனா, வார்டுக்கு வந்து நிக்கிற பசங்களும் அதே பிளேட்லெட்டைத்தான் பாக்கறாங்க. வைவால "ஆன்டிபாடி டிபென்டன்ட் என்ஹான்ஸ்மென்ட், ஏடிஈ, அப்படின்னா என்னப்பா"ன்னு கேட்டா மூச்சு விடாம ஒப்பிப்பாங்க, டெங்கு வைரஸ்ல நாலு சீரோடைப், அதாவது நாலு வகை இருக்கு சார், ஒண்ணு வந்தா அதுக்கு மட்டும் ஆயுசுக்கும் பாதுகாப்பு, வேற டைப் ரெண்டாவதா வந்தா முதல் தடவை உடம்பு செஞ்சு வெச்ச பழைய ஆன்டிபாடி அதை நியூட்ரலைஸ் பண்ணாம சும்மா ஒட்டிக்கிட்டு எஃப்சி ரிசெப்டர்ங்கற வாசல் வழியா மோனோசைட்டுங்கற வெள்ளணுக்குள்ள கொண்டுபோய் விட்டுடும் சார். முழு மார்க். ஆனா அந்தப் பதிலுக்கும் பதினஞ்சாம் நம்பர் பெட்ல படுத்திருக்கற ஆளுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவங்க நினைக்கறதே இல்ல. அது வைவா பதில், இது கேஸ், அவ்ளோதான்.

அந்த பதினஞ்சாம் நம்பர் பெட்

பத்தாவது படிக்கிற பையன், அஞ்சாவது நாள் காய்ச்சல். முந்தின நாள் வரைக்கும் 103, 104ன்னு அடிச்சிட்டு அன்னிக்கு விடிகாலைல நின்னுடுச்சு. நான் ரவுண்ட்ஸ் போகும்போது அவங்க அம்மா பிளாஸ்க், டம்ளர் எல்லாம் கழுவி கட்டப்பைல எடுத்து வெச்சிட்டாங்க. "காய்ச்சல் சுத்தமா விட்டுடுச்சு சார், வீட்டுக்குப் போலாமா?" கேஸ் ஷீட்ல எங்க சிஆர்ஆர்ஐ அழகான கையெழுத்துல எழுதி இருக்கான்: காய்ச்சல் இல்ல, பிபி 100/84, பிளேட்லெட் 70,000, ஸ்டேபிள். பக்கத்து பெட்ல ஒரு பெரியவர், எட்டாவது நாள், கவுண்ட் 22,000, வேர்க்கடலை உரிச்சு சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். அவரோட மகன் ரெண்டு பேரும் "ரத்தம் ஏத்தணுமா சார், டோனர் ரெடியா இருக்காங்க"ன்னு என் பின்னாடியே வர்றாங்க. மொத்த வார்டோட கவலையும் அந்தக் கடலை சாப்பிடறவர் மேல இருக்கு.

பையன் கையைப் பிடிச்சேன், ஜில்லுன்னு இருக்கு. பாதம் இன்னும் ஜில்லு. பல்ஸ் 118, அதுவும் நூல் மாதிரி. ஆனா பேரு கேட்டா சொல்றான், எந்த ஸ்கூல்னு கேட்டா சொல்றான், தெளிவாத்தான் இருக்கான். டெங்கு ஷாக்ல இதுதான் பெரிய ஏமாத்து, மத்த ஷாக் மாதிரி குழம்பிப் போய் கிடக்க மாட்டாங்க, பேசிக்கிட்டே இருப்பாங்க. பிபில மேல இருக்கற நம்பர் 100, அது நல்லாத்தான் இருக்கு, ஆனா கீழ 84, வித்தியாசம் வெறும் 16. இருபதுக்குக் கீழ வந்தாலே ஷாக்குன்னு எடுத்துக்கணும். ரத்தக்குழாய் எல்லாம் இறுக்கிப் பிடிச்சு மேல் நம்பரை தாங்கி நிறுத்தி வெச்சிருக்கு, அந்த இறுக்கம்தான் கீழ் நம்பரை ஏத்தி விடுது. அம்மாகிட்ட ராத்திரி எப்படி இருந்தான்னு கேட்டா, "ரெண்டு மூணு தடவ வாந்தி எடுத்தான் சார், வயிறு வலிக்குதுன்னான், கடை இட்லி ஒத்துக்கலன்னு நெனச்சேன்." பிசிவி அட்மிஷன்ல 38, இப்ப அனுப்பிப் பாத்தா 46. இருபது பர்சென்ட் மேல ஏறி இருக்கு. ரத்தம் கூடல, ரத்தத்துல இருக்கற தண்ணி குழாயை விட்டு வெளிய போயிடுச்சு, அதான் மிச்சம் இருக்கறது கெட்டியாகி நம்பர் ஏறுது. தொட்டி ஒழுகிக்கிட்டு இருக்கு, நாமெல்லாம் கரண்ட் மீட்டர் முன்னாடி நின்னு கணக்கு எழுதிக்கிட்டு இருக்கோம்.

ரிங்கர் லாக்டேட் டிரிப்ஸ் கிலோவுக்கு 10 எம்எல் கணக்குல முதல் ஒரு மணி நேரத்துக்கு ஓட விட்டு, மணிக்கு மணி பாத்துப் பாத்துக் குறைச்சு, சாயங்காலத்துக்குள்ள கை சூடாச்சு. பையன் பொழைச்சுக்கிட்டான், அதுல பெரிய வீரமெல்லாம் ஒண்ணும் இல்ல, சரியான நேரத்துல சரியான அளவு தண்ணிதான் டெங்குவுக்கு மொத்த வைத்தியமும். ஆனா அன்னிக்கு மத்தியானம் டூட்டி ரூம்ல அந்த சிஆர்ஆர்ஐ என்கிட்ட கேட்டான் பாருங்க ஒரு கேள்வி: "சார், காய்ச்சல் விட்டுச்சுன்னா வைரஸ் குறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம். வைரஸ் போனதுக்கப்புறம் யார் சார் அவனை அடிக்கறது?"

இத்தனை வருஷத்துல இதைவிட நல்ல இம்யூனாலஜி கேள்வியை எந்தப் பையனும் என்கிட்ட கேட்டதில்ல. வைவால ஏடிஈ பத்தி ஒப்பிச்ச அதே பையன்தான் இவன், அதை மறந்துட வேணாம்.

அம்மா குடுத்தது

அவனுக்கு பதில் சொல்ல நான் பாங்காக்ல இருந்து ஆரம்பிச்சேன். 1954ல மணிலாலயும் 1958ல பாங்காக்லயும் குழந்தைங்க ரத்தக்கசிவோட, ஷாக்கோட வரிசையா செத்துப் போனாங்க. அதுவரைக்கும் டெங்குன்னா எலும்பை முறிக்கற வலி, ஒரு வாரத்துல எழுந்துடலாம்ங்கற காய்ச்சல்தான். அறுபதுகள்ல அங்க வேலை பாத்த ஸ்காட் ஹால்ஸ்டெட் பண்ணது ஒண்ணும் பெரிய மெஷின் வேலை இல்ல, எந்த வயசுக் குழந்தைங்க கடுமையா விழறாங்கன்னு கணக்குப் பாத்தார். கிராஃப்ல ரெண்டு மேடு தெரிஞ்சுது. ஒண்ணு, மூணு வயசுக்கு மேற்பட்ட குழந்தைங்க, இவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் அது ரெண்டாவது டெங்கு. சரி, புரியுது. ஆனா இன்னொரு மேடு ஒரு வயசுகூட ஆகாத கைக்குழந்தைங்க, ஏழு மாசம், எட்டு மாசம். அதுங்களுக்கு அதுதான் வாழ்க்கைலயே முதல் டெங்கு. முதல் தடவைல எப்படி ரெண்டாவது தடவை மாதிரி அடிக்கும்?

இந்த எடத்துல பசங்களை ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா விட்டுடணும்னு எனக்கு ஆசை. ஏன்னா முதல் வருஷ பாடத்துலயே பதில் இருக்கு. தாயோட ஐஜிஜி வகை ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு வரும், வைரஸ் புகுந்த செல்லைத் தேடி அழிக்கற அம்மாவோட டி செல் வராது. ஆன்டிபாடி மட்டும்தான் அந்தக் குழந்தைக்குக் கெடச்ச பழைய டெங்கு அனுபவம், அதுவும் அம்மாவோட அனுபவம். பொறந்த புதுசுல அந்த ஆன்டிபாடி நிறைய இருக்கு, வைரஸ் வந்தா அடக்கிடும், குழந்தை சேஃப். மாசம் ஆக ஆக அளவு குறையுது, ஏழெட்டு மாசத்துல வைரஸை அடக்கற அளவுக்குப் பத்தாது, ஆனா ஒட்டிக்கற அளவுக்கு மிச்சம் இருக்கு. அந்த இடைவெளில கொசு கடிச்சா முடிஞ்சுது. ஒரு வயசு தாண்டிட்டா அதுவும் கரைஞ்சு போய் மறுபடி ஆபத்து குறையுது. இயற்கை தானே ஒரு எக்ஸ்பெரிமென்ட் போட்டு, டி செல்லைத் தனியா கழட்டி வெச்சிட்டு, ஆன்டிபாடி மட்டுமே இதைப் பண்ணப் போதும்னு காட்டி இருக்கு. எந்த எலி மாடலும் இவ்ளோ சுத்தமா காட்டினதில்ல, என்னைப் பொறுத்தவரைக்கும்.

அப்புறம் கியூபா. ஒரு தீவு, தினம் நாலு வகையும் கலந்து சுத்தற நம்ம ஊர் மாதிரி கிடையாது. 1977ல டெங்குவோட நாலு வகைல ஒண்ணான டென்-1 வந்து ஊர் பூரா சுத்திட்டுப் போச்சு, மெல்லிசான காய்ச்சல்தான். 1981ல டென்-2 வந்துச்சு: 3,44,203 கேஸ், 158 சாவு, அதுல 101 பேர் குழந்தைங்க. சரி, நாலு வருஷ இடைவெளி. 1997ல சாந்தியாகோ தெ கியூபா ஊர்ல மறுபடி டென்-2 வந்தப்ப கடுமையா விழுந்தவங்க கிட்டத்தட்ட எல்லாருமே பெரியவங்க, இருபது வருஷம் முன்னாடி அந்த டென்-1ஐப் பாத்தவங்க. 1981க்கு அப்புறம் பொறந்த சின்னப் பசங்களுக்கு ஒண்ணும் பெருசா ஆகல. இருபது வருஷம் ஆகியும் உடம்பு மறக்கல. ஞாபகம் இருக்கறது நல்லதுன்னுதானே நாம அடாப்டிவ் இம்யூனிட்டி சாப்டர் முழுக்க படிச்சோம்.

ஆக வைரஸ் உச்சத்துல இருக்கறது காய்ச்சலோட முதல் மூணு நாள். பழைய ஆன்டிபாடியோட உபயத்துல நிறைய செல் மாட்டி, வைரஸ் லோடு எகிறி, வைரஸோட என்எஸ்1 புரதம் ரத்தத்துல கொட்டிக் கிடக்கும். அது ரத்தக்குழாயோட உள்பூச்சையே அரிச்சுடுதுன்னு இப்ப தெரியும். கூடவே உடம்பே சுரக்கற, அழற்சியைக் கிளப்பற சைட்டோகைன்கள் வேற. எல்லாம் சேர்ந்து குழாய் ஒழுக ஆரம்பிக்கறது மூணுல இருந்து ஏழாவது நாளுக்குள்ள, சரியா காய்ச்சல் இறங்கற சமயத்துல. 24ல இருந்து 48 மணி நேரம், அவ்ளோதான் அந்த ஜன்னல். யார் அடிக்கறதுன்னு கேட்டான்ல, அடிக்கறதுல பெரும்பங்கு அவன் உடம்பேதான், வைரஸ் தொடங்கி வெச்சிட்டுக் கிளம்பிடுச்சு. இதுல எதுக்கு எவ்ளோ பங்குன்னு இன்னும் பிரிச்சு முடிக்கல, சண்டை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. டி செல் விஷயமே பாருங்க, பழைய வகைக்குப் பழகின டி செல் புதுசை சரியா பிடிக்காம வெறும் சைட்டோகைனை மட்டும் கொட்டுது, அதான் வில்லன்னு கொஞ்ச காலம் எல்லா புக்லயும் இருந்துச்சு. அப்புறம் கொழும்புல ரத்ததானம் பண்ணவங்களோட ரத்தத்தை எடுத்து ஆராய்ஞ்சு 2013ல ஒரு பேப்பர் வந்துச்சு, டி செல் நல்லா வேலை செய்யறவங்களுக்கு அது பாதுகாப்பாத்தான் இருக்கற மாதிரி தெரியுதுன்னு. வில்லனை பாதி படத்துல ஹீரோவா மாத்த வேண்டியதாப் போச்சு. "இம்யூன் ரெஸ்பான்ஸ்தானே அடிக்குது, அப்ப ஸ்டீராய்டு குடுத்து அடக்கிடலாமே"ன்னு புத்திசாலிப் பசங்க கண்டிப்பா கேப்பாங்க. குடுத்துப் பாத்தாச்சு, பிரயோஜனம் இல்ல.

ஒண்ணு சொல்லாம விட்டா பாதி கதைதான். ஒழுகின தண்ணி 48 மணி நேரம் கழிச்சு தானா குழாய்க்குள்ள திரும்பி வரும். அப்பவும் "ஷாக் பேஷன்ட்"னு பயந்து டிரிப்ஸை ஓட விட்டுக்கிட்டே இருந்தா நெஞ்சுல நீர் கட்டி மூச்சுத் திணறலாகும். டெங்கு கொல்லாம விட்டதை நாம கொன்ன கதை எல்லா ஊர்லயும் உண்டு. இதுக்கும் பிளேட்லெட் உதவாது, கையும் பிசிவியும் யூரினும்தான்.

கடலை சாப்பிட்ட பெரியவருக்கு

ரத்தம் ஏத்தலையான்னு கேப்பீங்க. ஏத்தல. சிங்கப்பூர், மலேசியால அஞ்சு ஆஸ்பத்திரில 372 பேரை வெச்சு ஒரு ட்ரையல் பண்ணி 2017ல வெளியிட்டாங்க, கவுண்ட் 20,000க்குக் கீழ போனவங்க, ஆனா ரத்தக்கசிவு இல்லாதவங்க. பாதிப் பேருக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏத்தினாங்க, பாதிப் பேருக்கு ஏத்தல. கசிவைத் தடுக்கறதுல வித்தியாசம் இல்ல, அலர்ஜி மாதிரி தொந்தரவு மட்டும் ஏத்தினவங்களுக்கு அதிகம். இந்தப் பேப்பர் வந்து எவ்ளோ வருஷம் ஆச்சு, இன்னமும் ராத்திரி பதினோரு மணிக்கு பிளட் பேங்க் வாசல்ல நிக்கற கூட்டம் குறையல. அதுக்காக கவுண்டே பாக்க வேணாம்னு சொல்லல, அது சட்டுனு விழும்போது கூடவே பிசிவி ஏறுதான்னு பாக்கறதுதான் விஷயம். பப்பாளி இலைச் சாறு கவுண்டை கொஞ்சம் சீக்கிரம் ஏத்துதுன்னே வெச்சுக்குவோம், ஒழுகலை நிறுத்துதாங்கறதுதான் என் கேள்வி. வாந்தி எடுக்கற பையனுக்கு அந்தக் கசப்பைக் கரைச்சு ஊத்தி மறுபடி வாந்தி வர வெச்சதைப் பாத்திருக்கேன், அதனால எனக்கு அது மேல கொஞ்சம் கடுப்பு ஜாஸ்தின்னு ஒத்துக்கறேன்.

"உங்களுக்கு முன்னாடி டெங்கு வந்திருக்கா?"

ரெண்டாவது தடவைதான் ஆபத்துன்னா எல்லார்கிட்டயும் இதைக் கேட்டுடலாமேன்னு தோணும். பசங்களும் ஹிஸ்டரில சின்சியரா எழுதுவாங்க: முன்பு டெங்கு இல்லை. எழுதி என்ன பண்ண. 2011ல சென்னைல அம்பது இடத்துல வீடு வீடாப் போய் ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, 93 பர்சென்ட் பேருக்கு டெங்கு ஆன்டிபாடி இருந்துச்சு. அவங்கள்ல டெங்கு வந்திருக்குன்னு தெரிஞ்சவங்க ரொம்ப ரொம்பக் கம்மி. முக்கால்வாசி டெங்கு வந்ததே தெரியாம வந்துட்டுப் போயிடும், இல்ல "வைரல் ஃபீவர்"னு ரெண்டு பாராசிட்டமால்ல முடிஞ்சிடும். வேலூர்ல 1968லயே மனுஷங்ககிட்டயும் கொசுகிட்டயும் இருந்து நாலு வகையையும் பிரிச்செடுத்துட்டாங்க, ஆக நம்ம ஊருக்கு இது ஒண்ணும் புது விருந்தாளி இல்ல.

அப்ப 93 பர்சென்ட் பேரும் ஆபத்துலயான்னா இல்ல, ரெண்டாவது தடவை வர்றவங்கள்லயும் சின்ன பங்குக்குத்தான் கடுமையாகுது, ரெண்டு வகையைப் பாத்துட்டவங்களுக்கு அடுத்தது பெரும்பாலும் லேசாப் போயிடுது. இதுக்கு அழகான விளக்கம் நிகராகுவால இருந்து வந்துச்சு, மனாகுவா குழந்தைங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து ரத்தம் எடுத்துப் பாத்த ஆய்வு, 2017. ஆன்டிபாடியே இல்லாத குழந்தைக்கு ஆபத்து கம்மி, நிறைய இருக்கற குழந்தைக்கும் கம்மி, ரத்தத்தை எத்தனை மடங்கு கரைச்சாலும் ஆன்டிபாடி தெரியுதுங்கற கணக்குல 1:21ல இருந்து 1:80 வரைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கற குழந்தைக்குத்தான் ஜாஸ்தி. பாங்காக் கைக்குழந்தையோட ஏழாவது மாசம் ஞாபகம் வருதா, அதே நடு எடம்தான், இங்க நம்பரோட. "இம்யூனிட்டி பூஸ்டர்"னு பாட்டில் விக்கறவங்க இந்த கிராஃபை ஒரு தடவை பாக்கணும்.

பிலிப்பைன்ஸ் கதையை நான் கடைசியாதான் பசங்களுக்குச் சொல்வேன், ஏன்னா இதெல்லாம் புரியாம அதைச் சொன்னா தடுப்பூசின்னாலே கெட்டதுன்னு எடுத்துக்குவாங்க. 2016ல ஸ்கூல் பசங்களுக்கு டெங்வாக்சியாங்கற டெங்கு தடுப்பூசி போட ஆரம்பிச்சாங்க, எட்டு லட்சத்துக்கும் மேல குழந்தைங்க. 2017 நவம்பர்ல அதைத் தயாரிச்ச கம்பெனியே சொல்லிச்சு, இதுக்கு முன்னாடி டெங்கு வராத குழந்தைக்குப் போட்டா, பின்னாடி டெங்கு வரும்போது கடுமையாகற வாய்ப்பு கூடுதுன்னு. ஏன்னு இப்ப நீங்களே சொல்லிடுவீங்க. டெங்குவே பாக்காத குழந்தைக்கு அந்த ஊசிதான் முதல் டெங்கு, நிஜமா கொசு கடிச்சு வர்றது அவ உடம்பு கணக்குல ரெண்டாவது. ஏற்கனவே வந்தவங்களுக்கு அதே ஊசி நல்ல பாதுகாப்பு குடுத்துச்சு. மறு வருஷம் உலக சுகாதார நிறுவனம் போடறதுக்கு முன்னாடி ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்கன்னு சொல்லிடுச்சு. ஆனா அதுக்குள்ள அங்க ஜனங்களுக்கு எல்லா ஊசி மேலயும் நம்பிக்கை போயி, 2019ல தட்டம்மை பெருசா பரவுச்சு. நம்ம நாட்டுலயும் 2024ல இருந்து ஒரு டெங்கு தடுப்பூசிக்கு மூணாம் கட்ட ட்ரையல் நடக்குது. ரிசல்ட் வரும்போது நம்ம பசங்க யாராவது ஒருத்தன் "முன்னாடி வராதவங்களுக்கு எப்படி வேலை செஞ்சுது"ன்னு தனியா டேபிளைத் தேடிப் பாத்தான்னா எனக்கு அது போதும்.

அடுத்த செட்டுக்கு நான் ஏடிஈயை டெஃபனிஷன்ல இருந்து ஆரம்பிக்கறதா இல்ல. ஏழு மாசக் குழந்தை, முதல் டெங்கு, ஷாக், அம்மாவுக்கு எப்பவோ ஒரு காய்ச்சல், ஏன்னு சொல்லுங்க, அரை மணி நேரம் எடுத்துக்கோங்க. மைக்ரோபயாலஜி மேடம் ஓகே சொல்லிட்டாங்க, பீடியாட்ரிக்ஸ்லயும் ஒருத்தர் வர்றேன்னார். இந்த கிளாஸை எந்த டிபார்ட்மென்ட் லாக்புக்ல பாடத்திட்டத்தோட எந்த காம்பிடென்சி நம்பருக்குக் கீழ என்ட்ரி போடறதுங்கறது மட்டும்தான் இன்னும் முடிவாகல, அதுக்கு ஒரு மீட்டிங் வெச்சிருக்காங்க.